ஆளில்லாத காடு

கருங்குன்று மழைக்காட்டுக்குள் அன்றைக்கும் எள் போட்டால் எள் விழாத கூட்டம். பலகை நடைபாதையில் தேர்த்திருவிழாவுக்கு வந்ததுபோல ஜனம் நெருக்கியடித்துக்கொண்டு போனது. ஆனால் தேர்த்திருவிழாவின் சத்தம் இல்லை. யாரும் யாரையும் பார்க்கவில்லை. நிறைகுடத்தைத் தலையில் வைத்தவர்களைப்போலக் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, கண்ணை அகல விரித்து, மெல்ல மெல்ல அடியெடுத்து வைத்தார்கள். தோளோடு தோள் உரசிக்கொண்டு அத்தனை பேரும் தன்னந்தனியாகக் காட்டில் நடந்தார்கள்.

அதெப்படி என்று கேட்பீர்கள். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்பே பிள்ளைகளுக்குக் கண்மணிக்குப் பின்னால் பதிவுக்கண் வைத்துவிடுவார்கள், நம் வீடுகளில் காது குத்துகிற மாதிரி. பார்ப்பதை எல்லாம் அது எழுதி வைத்துக்கொள்ளும், காதில் விழுவதையும் சேர்த்து. வேண்டியபோது வீட்டுச் சுவரில் ஓடவிட்டுப் பார்க்கலாம். அப்புறம் மனசுக்கு என்ன வேலை? கண் பார்த்துக்கொள்கிறது என்று மனசு காலை நீட்டிப் படுத்துவிட்டது. பதிவு ஓடுகிற நேரத்தில் நடந்தது எதுவும் பெரும்பாலும் யாருக்கும் நினைவில் தங்குவதில்லை. அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதும் இல்லை.

பதிவுக்கண்ணோடு கூடப் பிறந்தது ஆளகற்றி. மிச்சமிருந்த மழைக்காடு அந்த ஒன்றுதான். உலகமே அங்கே வந்து குவிகிறது, ஆனால் வருகிற ஒவ்வொருவருக்கும் காட்டில் தான் மட்டும் நிற்பதுபோலப் பதிவு வேண்டும். அதற்காக மற்றவர்களை எல்லாம் பதிவிலிருந்து துடைத்து, அவர்கள் நின்ற இடத்தைப் பக்கத்தில் இருக்கிற இலை தழையால் அடைத்துவிடும் இந்தக் கருவி. அவர்கள் பேச்சையும் துடைத்துவிட்டுச் சில்வண்டுச் சத்தத்தைப் போட்டு நிரப்பிவிடும். சொந்தக்காரர்களை மட்டும் விட்டுவைக்கும். ஒரே குடும்பத்தின் பதிவுக்கண்கள் ஒன்றுக்கொன்று உறவுக்குறி அனுப்பிக்கொள்ளும், அதை வைத்து யார் நம் ஆள் என்று கண்டுகொள்ளும். நுழைவாயிலில் காதுக்குள் ஒரு குரல், 'உறவுக்குறி இல்லாத ஆட்களை அகற்றலாமா?' என்று கேட்கும். ஒரு தரம் கண்ணைச் சிமிட்டினால் சம்மதம். கேட்டு முடிக்கும் முன்பே எல்லோரும் சிமிட்டிவிடுவார்கள்.

திருப்பூர்க் கருணாம்பாளும் அப்படித்தான் சிமிட்டினாள். பக்கத்தில் அவள் புருஷன் சென்னியப்பன் நின்றிருந்தார். பத்து மாதத்துக்கு முன்னால் அவர் தலைக்குள் கட்டி என்று கண்டுபிடித்து அறுவை செய்தபோது, மருத்துவர்கள் அவருடைய பதிவுக்கண்ணை எடுத்துவிட்டிருந்தார்கள். அந்த நேரத்தில் அது அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

சென்னியப்பன் அடுக்குமாடிக் கோபுரங்களில் காற்றுச் சலிக்கும் எந்திரங்களைப் பழுது பார்க்கிறவர். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்கத் தோன்றும், அவ்வளவு பேச்சுக் குறைவு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் 'சாப்பாடு நல்லா இருக்குது' என்று அவர் சொல்லி அவள் கேட்டதில்லை. இரண்டாம் தரம் சோறு வாங்கினால் நன்றாக இருக்கிறது என்று அவளே தெரிந்துகொள்ள வேண்டும். அப்படிப்பட்ட மனுஷனைத்தான் மருத்துவர், "மனசுக்குப் பிடிச்ச இடத்துக்கு ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லி அனுப்பினார். மருத்துவர் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்பது எந்தக் காலத்திலும் எல்லோருக்கும் தெரியும். எங்கே போகலாம் என்று கேட்டாள். நனைந்த மரம் பார்க்க வேண்டும் என்றார்.

காட்டுக்குள் விடுவதற்கு முன்னால் அருங்காட்சியக மண்டபங்கள். அங்கே பதிவுக்குத் தடை, பழைய பொருள்களுக்கு ஆகாதாம். அதனாலேயே மண்டபத்தில் நடந்தது எல்லாம் கருணாம்பாளுக்கு நேற்றுப் போல ஞாபகமிருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சோலைமந்தி பிடரி மயிரைச் சிலுப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் எப்போதோ இல்லாமல் போன தவளை ஒன்று கத்தியது. சென்னியப்பன் அதை இரண்டு தரம் அழுத்திவிட்டு, மூன்றாம் தரம் அழுத்தப் போய்க் கூச்சத்தோடு கையை இழுத்துக்கொண்டார். அறுத்த நாங்கு மரத்தின் குறுக்குவெட்டு ஒன்று ஆளுயரத்துக்கு நிறுத்தியிருந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"காஞ்சு கிடக்குது அம்மிணி," என்றார். "உள்ள நனைஞ்சது இருக்குமில்ல?"

"அதுக்குத்தானுங்களே வந்தோம்."

காட்டு வாசலில் வரிசையில் நிற்கும்போது அவள் முழங்கையைத் தொட்டார். வெளியிடத்தில் அப்படித் தொடுகிறவர் அல்ல.

"உள்ள போயி உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும் அம்மிணி."

"இப்பவே சொல்லுங்களே."

"இல்ல. மரத்தடியில நின்னு சொல்லோணும். ரொம்ப நாளா வெச்சிருக்கறது."

சரிங்க என்றாள். அந்த நேரம் வரிசை நகர்ந்தது, காதுக்குள் குரல் கேட்டது, கண்ணைச் சிமிட்டினாள். அதற்குப் பிறகு காட்டில் நடந்தது எதுவும் அவளிடம் இல்லை. கழுத்து வலித்தது மட்டும் ஞாபகம். தலை ஆடினால் பதிவு ஆடிவிடும் என்று அவ்வளவு கவனமாக நடந்திருக்கிறாள்.

வெளியே வந்து பதிவை நிறுத்தியதும் சென்னியப்பன் ஒரு கல்லில் உட்கார்ந்து கால்சட்டையை மடித்துக் காட்டினார். கணுக்காலில் ஒரு அட்டை குண்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"உள்ள இத்தனை பேர்ல இது ஒண்ணுதான் என்னைக் கண்டுக்கிச்சு," என்றார்.

அவள் சிரித்துக்கொண்டே அதைப் பிடுங்கிப் போட்டாள். ரத்தம் நிற்காமல் ஒழுகியது. கைக்குட்டையால் கட்டிவிட்டு, "என்னமோ சொல்லோணும்னீங்களே?" என்று கேட்டாள்.

அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். "சொல்லியாச்சே அம்மிணி."

இங்கேதான் கருணாம்பாள் ஒரு காரியம் செய்தாள். கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை. "ஆமாமா, கேட்டனே," என்றாள். பதிவில்தான் இருக்கிறதே, ஆறுதலாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். ஊர் திரும்புகிற வழியெல்லாம் ஜன்னலோரம் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தார்.

மழைக்காலம் தொடங்குவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

நோயாளி உயிரோடு இருக்கும்போது அவருடைய கடைசி நல்ல நாளைப் போட்டுப் பார்ப்பது ஆகாது என்பது அந்தக் காலத்துச் சாத்திரம். பார்த்தால் எமனுக்கு வழி சொன்ன மாதிரி என்பார்கள். முப்பதாம் நாள் காரியம் முடிந்து, உறவுமுறை எல்லாம் கூடியிருக்கும்போதுதான் அதைத் திறக்க வேண்டும். பார்வைப் படையல் என்று அதற்குப் பெயர். அவருக்குப் பிடித்ததை இலையில் வைத்து, சுவரில் அவரை நடமாடவிட்டு, எல்லோரும் ஒரு தரம் கண்ணாரப் பார்த்து அழுது தீர்ப்பார்கள். கருணாம்பாள் அந்த நாளுக்காகத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நாளாக வைத்திருந்தேன் என்றாரே, அது என்ன? திட்டா, மன்னிப்பா, ஏதாவது ஆசையா? இருக்கிறவரைக்கும் வாய் திறக்காத மனுஷன் அவளுக்கென்று திறந்த ஒரே ஒரு பேச்சு, அந்தச் சுவருக்குள் இருந்தது.

முப்பதாம் நாள் வந்தது. மகள் நொய்யல், அவர்கள் குடியிருந்த கோபுரத்தின் கீழ்த்தளத்திலிருந்து பாயெல்லாம் வாங்கி வந்து விரித்தாள். வற்றிப்போன ஆறுகளின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்பது அப்போதைய வழக்கம். அங்காளி பங்காளி எல்லாம் உட்கார்ந்தார்கள். கருணாம்பாள் பதிவை ஓடவிட்டாள்.

சுவர் முழுக்கப் பச்சை விரிந்தது. பாசி படர்ந்த மரங்கள், சொட்டுகிற இலைகள், தூரத்தில் மூடுபனி. அப்படியொரு அழகு. பலகைப் பாதை ஆளரவமில்லாமல் நீண்டு கிடந்தது. எல்லோரும் சென்னியப்பனைத் தேடினார்கள். இதோ இந்த வளைவில் வருவார், அந்த மரத்தடியில் நிற்பார் என்று பார்த்தார்கள். காடுதான் வந்துகொண்டே இருந்தது.

இடையிடையே கருணாம்பாளின் குரல் மட்டும் கேட்டது.

"பாத்து நடங்க, வழுக்குது."

சில்வண்டுச் சத்தம்.

"ம்."

சில்வண்டுச் சத்தம்.

"ம்... ம்... அப்பறம் சொல்லுங்க, இருவாச்சி வருதாம்."

சில்வண்டுச் சத்தம்.

"அப்பா எங்கம்மா?" என்றாள் நொய்யல்.

கடைசியில் ஒரு பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "காடு நல்லா இருக்குது," என்றார். இலையில் வைத்த பணியாரத்தை ஈ மொய்த்தது. கருணாம்பாளுக்கு அப்போதுதான் அந்தச் சிமிட்டல் ஞாபகம் வந்தது. உறவுக்குறி இல்லாத ஆட்களை அகற்றலாமா என்று கேட்டார்கள். அவள் சரியென்றாள். கட்டின புருஷனை அவளே தன் கையால் துடைத்துப் போட்டிருக்கிறாள். அவள் அழவில்லை. எழுந்து போய்ச் சமையல்கட்டில் பாத்திரம் கழுவத் தொடங்கினாள், கழுவின பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவினாள்.

அடுத்த வாரம் கருங்குன்றுக்குப் போனாள். பதிவுப் பிரிவில் செண்பகவடிவு என்ற தென்காசிப் பக்கத்துப் பெண் அதிகாரியாக இருந்தாள். நல்ல பெண். நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்து, முழுசாகக் கேட்டாள்.

"அம்மா, நீக்கினது நீக்கினதுதாம்மா. எங்கயும் எடுத்து வைக்கிறதில்ல. வச்சா எத்தனை கோடிப் பேரை வைக்கிறது?"

"பேச்சாவது இருக்குமாம்மா? ஒரு வார்த்தை போதும்."

"அதுவும் சேந்துதான் போயிரும்."

"காட்டுல நீங்க மாட்டி வெச்ச கருவி எல்லாம் இருக்குதே?"

"அது மிருகத்தை எண்ணுறதுக்கும்மா. மனுசங்க குறுக்க வந்தா அதுவும் அழிச்சிரும்."

அன்றைக்குக் காட்டுக்குப் போனவர்களிடம் விசாரிக்க ஏதாவது வழி உண்டா என்று கேட்டாள். செண்பகவடிவு தயங்கிவிட்டு, எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள் அனுப்பினாள். நீலச் சட்டை, மழித்த தலை, வலது காதுக்கு மேல் தையல் தழும்பு, பேசிக்கொண்டே போனவர், யார் பதிவிலாவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள் என்று. மனுஷர்கள் கெட்டவர்கள் அல்ல. பதில் வந்து குவிந்தது. எங்கெங்கோ இருக்கிறவர்கள் எல்லாம் தங்கள் காட்டை முதலிலிருந்து கடைசிவரை ஓடவிட்டுத் தேடிப் பார்த்திருந்தார்கள். வருத்தம் தெரிவித்திருந்தார்கள். அன்றைக்கு அந்தப் பாதையில் ஆயிரக்கணக்கான பேர் நடந்தார்கள். அந்த ஆயிரக்கணக்கான காடுகளில் ஒன்றில்கூட ஒரு மனிதன் இல்லை.

கிளம்பும்போது கருணாம்பாள் வாசலில் நின்று கேட்டாள். "அவர் நின்ன இடத்துல என்னத்தப் போட்டு அடைக்கும்மா அது?"

"பக்கத்துல என்ன இருக்கோ அதை எடுத்து அடைச்சிரும். கடந்து போறவங்களுக்கு ஏதோ ஒரு இலை. கூடவே நடந்து வர்ற ஆளுன்னா, அதுக்கும் சோம்பல்தானே, முதல்ல எதை வச்சுச்சோ அதையே கடைசி வரைக்கும் வச்சிக்கிட்டு வரும்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். கருணாம்பாள் வீடு வந்து சேர்ந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரை ஓடவிட்டாள்.

காட்டு வாசலுக்குப் பக்கத்தில் இடுப்புயரத்துக்கு ஒரு பெரணிச் செடி இருந்தது. சுருண்ட நுனியோடு, விரிந்த கையைப்போல ஏழெட்டு இலை. பாதை வளைந்தது. வளைவிலும் அதே பெரணி. பாலத்திலும் அதே பெரணி, பலகைமேல் வேரில்லாமல் நின்றது. இரண்டாவது இலையின் ஓரத்தில் பூச்சி அரித்த ஓட்டைகூட அப்படியே. முப்பதாம் நாளில் அத்தனை பேர் பார்த்தும் ஒருவர் கண்ணிலும் படவில்லை. காட்டில் பெரணி இருப்பதில் என்ன அதிசயம்?

அது அவள் கூடவே வந்துகொண்டிருந்தது. அவள் வேகமாக நடந்தால் கொஞ்சம் பின்தங்கியது, அப்புறம் மூச்சு வாங்குவதுபோல நின்று நின்று வந்து சேர்ந்தது. "பாத்து நடங்க" என்று அவள் குரல் சொன்னபோது லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தது. ஒரு நனைந்த மரத்தடியில் வெகுநேரம் ஒட்டி நின்றது. கருணாம்பாள் சுவருக்குப் பக்கத்தில் போய் அந்த இலைமேல் கையை வைத்தாள். அதுவரைக்கும் அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

பாதையின் முடிவில் ஒரு பெரிய வெடிப்பலா மரம். அதன் பொந்துக்குள் பெண் இருவாச்சி தன்னை வைத்து அடைத்துக்கொண்டு முட்டைமேல் உட்கார்ந்திருக்கும். ஒரு கீறல் அளவுக்குத்தான் வாசல். ஆண் பறவை காடெல்லாம் அலைந்து அத்திப்பழம் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்டும். அதைப் பார்க்கத்தான் உலகம் திரண்டு வருகிறது. பதிவில் ஆண் பறவை இறக்கை விசிற வந்து மரத்தில் ஒட்டிக்கொண்டது. தொண்டையிலிருந்து ஒவ்வொரு பழமாக எடுத்துக் கொடுக்கத் தொடங்கியது.

அந்த நேரம் பெரணி நகர்ந்து முன்னால் வந்தது. அவளுக்கு நேர் எதிரே நின்றது. பொந்தையும் பறவையையும் பாதி மறைத்துக்கொண்டு, மரத்துக்கு முதுகு காட்டி, அவளைப் பார்த்து நின்றது. இலைகள் அசைந்தன. உலகமே பார்க்கத் தவிக்கிற ஒன்று பின்னால் நடக்கும்போது, அவர் திரும்பி அவளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ம்," என்றது அவள் குரல்.

சில்வண்டுச் சத்தம்.

"ம்... ம்."

சில்வண்டுச் சத்தம், நீளமாக. அப்புறம் அவள் குரல், கொஞ்சம் சலிப்போடு:

"ஏனுங்க, கொஞ்சம் அக்கட்டால தள்ளுங்க. மறைக்குது."

பெரணி ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு ஓரமாக விலகிப்போனது. ஆண் பறவை கடைசிப் பழத்தையும் ஊட்டிவிட்டுப் பறந்தது. துல்லியமாகப் பதிவாகியிருந்தது, ஒரு இறகுகூடத் தப்பவில்லை. வாசல் வரைக்கும் பெரணி கூடவே வந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவள் குரல் ஒரு 'ம்' கூடப் போடவில்லை. ம் போட எதிர்ப்பேச்சு இல்லை.

சொல்லி முடித்தாரா, பாதியில் விட்டாரா, அது அவளுக்கு இனித் தெரியப் போவதில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். அவளுக்கோ கண் நன்றாகத்தான் இருந்தது, அதுதான் வினை.

செண்பகவடிவுக்கு அந்தப் பதிவை அனுப்பி, அதைச் சொல்லி அழுதாள். சில மாதம் கழித்து அந்தப் பெண்ணே தயங்கித் தயங்கிப் பேசினாள். அந்தப் பதிவை மேலதிகாரிகளும் பார்த்தார்களாம். இருவாச்சி ஊட்டுவதை அவ்வளவு தெளிவாக யாரும் பதிந்ததில்லையாம். காட்டு வாசல் முன்முற்றத்தில் பெரிய திரையில் போட அனுமதி வேண்டுமாம். கருணாம்பாள் யோசித்தாள். துடைத்தெறிந்த ஆளை உலகமே வந்து பார்க்கட்டும் என்று தோன்றியது. சரி என்றாள். இந்தத் தடவை கண் சிமிட்டாமல், வாயைத் திறந்து சொன்னாள்.

திரை வைத்த பிறகு ஒரு நாள் போனாள். முற்றத்தில் வழக்கமான நெரிசல். திரையின் மேல் 'மனிதக் காலடி படாத காடு' என்று எழுதியிருந்தது. அவள் தன் பதிவுக்கண்ணை நிறுத்திவிட்டு வந்திருந்தாள், இப்போதெல்லாம் அப்படித்தான். அதனால் கூட்டத்தை முதல் முறையாகக் கண்ணால் பார்த்தாள். எத்தனை முகம். ஒரு பிள்ளைத்தாச்சி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். ஒரு வயசாளி யாரோ தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். இத்தனை பேரும் அன்றைக்கும் இருந்திருப்பார்கள்.

திரையில் பெரணி பாலம் கடந்து, மரத்தடியில் நின்று, வெடிப்பலாவுக்கு வந்துவிட்டது. இதோ முன்னால் வந்து திரும்பி நின்றது. கருணாம்பாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அதற்கு நேராக, முகத்துக்கு முகம் நின்றாள்.

"சொல்லுங்க," என்றாள் மெதுவாக. "கேக்கறனுங்க."

பின்னால் இருந்து ஒரு இளம்பெண்ணின் குரல் வந்தது. "அம்மா, கொஞ்சம் அக்கட்டால தள்ளுங்க. மறைக்குது."

திரும்பிப் பார்த்தாள். கழுத்தில் தாலியின் மஞ்சள் இன்னும் வெளுக்காத பெண். கழுத்தை விறைத்து, கண்ணை விரித்து நின்றிருந்தாள். அவள் பக்கத்தில் ஒரு பையன், புருஷனாகத்தான் இருக்க வேண்டும், அவள் காதோரம் குனிந்து என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லச் சொல்ல அவன் முகம் சிவந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் திரையிலிருந்து பார்வையை எடுக்காமல், "ம்," என்றாள்.

கருணாம்பாள் அந்தப் பெண்ணை ஓரடி நெருங்கினாள். "கண்ணு," என்றாள். "உங்க வூட்டுக்காரர் என்னமோ சொல்றாரு பாரு. கேளு சாமி."

அந்தப் பெண் தலை ஆடாமல் உதட்டால் மட்டும் சிரித்தாள். மரியாதையான பெண்தான்.

"எல்லாம் பதிவாகுதுங்கம்மா. அப்பறம் ஆறுதலா கேட்டுக்கறேன். நீங்க கொஞ்சம் தள்ளுங்க."

பையன் பேச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான். கருணாம்பாள் அவனைப் பார்த்தாள், அவன் தரையைப் பார்த்தான். அவளுக்குத் தள்ள மனமில்லை. திரையில் பெரணி விலகிப்போகும் வரைக்கும் அங்கேயே நின்றாள்.

அந்தப் பெண் என்றைக்காவது அதைப் போட்டுப் பார்த்தால், கருணாம்பாளை அதில் காண மாட்டாள். உறவுக்குறி இல்லாத ஆள், அகற்றியிருப்பார்கள். பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதைப் போட்டு அடைத்திருப்பார்கள். மனிதக் காலடி படாத காட்டில், இருவாச்சி ஊட்டுகிற மரத்தடியில், இரண்டு பெரணிச் செடிகள் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றிருக்கும்.